கருங்கடல் ஓரத்தில் நூற்றைம்பது லாரி தண்டம்

நேற்று ராத்திரிதான் ஜார்ஜியாவின் பதுமிக்குத் திரும்பினேன், கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஜார்ஜியா வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று முதலில் செலவு, அப்புறம் வழி, அப்புறம் சாப்பாடு என வரிசையாக எழுதுவதாக அக்கா மகனிடம் சொல்லியிருந்தேன். அவன் இங்கே எம்பிபிஎஸ் மூன்றாம் வருஷம். அவன் அறையில் போர்வையை விரித்துப் படுத்ததால் நாலு நாள் ஓட்டல் செலவு மிச்சம். அந்த மிச்சம் மொத்தமும் ஒரே மத்தியானத்தில் ஒரு டாக்சிக்காரரிடம் போய்ச் சேர்ந்தது.

இந்த ஊர்ப் பணத்தின் பெயர் லாரி. ஒரு லாரி நம் ரூபாயில் முப்பதுக்குக் கொஞ்சம் மேலே. வீட்டுக்குப் போன் பண்ணி “நூத்தம்பது லாரி போச்சு” என்றதும் மனைவி “ஐயோ, எங்க ஆக்சிடெண்ட்?” என்று பதறிவிட்டாள். விஷயம் தெரிந்தபின் விழுந்த திட்டு தனிக்கதை.

நான் போக நினைத்தது அனாக்லியா, வடக்கே கருங்கடல் ஓரத்தில் இருக்கும் ஊர். “மாமா, அனாக்லியாவுல என்ன இருக்கு? நாங்க யாருமே போனதில்ல” என்று பையன் அப்போதே சொன்னான். கேட்டிருக்கலாம். ஆனால் எனக்கு இந்தக் கருங்கடல் பைத்தியம் இஸ்தான்புல்லிலேயே பிடித்துவிட்டது. அடுத்த விமானத்துக்கு எட்டு மணி நேரம் இருந்ததால் பாஸ்பரஸில் படகு ஏறினேன். ஒடுங்கிய இடத்தில் அந்த ஜலசந்தி எழுநூறு மீட்டர்தான், அவ்வளவு பெரிய கடலுக்கு வாசல் இதுதான், சாவி துருக்கி கையில். 1936-ல் மோன்த்ரோவில் போட்ட ஒப்பந்தப்படி கருங்கடல் கரையில் இல்லாத நாட்டின் போர்க்கப்பல் உள்ளே வந்தால் 21 நாளுக்கு மேல் தங்கக்கூடாது. 2022 பிப்ரவரி கடைசியில், உக்ரைன் போர் தொடங்கிய சில நாளிலேயே, சண்டை போடும் இரண்டு நாடுகளின் போர்க்கப்பல்களுக்கும் துருக்கி கதவைச் சாத்திவிட்டது. சொந்தத் தளத்துக்குத் திரும்பும் கப்பலுக்கு மட்டும்தான் விலக்கு. ஆக, ரஷ்யாவுக்குக் கருங்கடலில் ஒரு கப்பல் மூழ்கினால் அதற்குப் பதில் இன்னொன்றை வெளியிலிருந்து இந்த வாசல் வழியாகக் கொண்டுவர முடியாது.

சரி, அனாக்லியாவுக்கு வழி. முதலில் பதுமியிலிருந்து சுக்திதி என்ற ஊருக்கு மார்ஷ்ருட்கா, அதாவது நம்மூர் ஷேர் வேனுக்கு அண்ணன். ஜன்னல் திறக்காது, ஏசி பெயருக்கு, என் காலடியில் யாரோ ஒருவருடைய மாவு மூட்டை. தேவாலயம் ஒன்றைக் கடக்கும்போதெல்லாம் டிரைவர் மூன்று தடவை சிலுவை போட்டுக்கொள்கிறார், அந்த நேரத்துக்கு ஸ்டீயரிங் ஆண்டவன் பொறுப்பு. வழியில் தேவாலயங்கள் ஏராளம்.

நடுவில் போத்தி துறைமுகத்தின் ஓரமாகப் போகிறோம். 2008 ஆகஸ்டில் ஐந்து நாள் போர் நடந்தபோது ரஷ்யப் படை இங்கே நுழைந்து, கட்டி நிறுத்தியிருந்த ஜார்ஜியக் கப்பல்களை மூழ்கடித்தது. அப்புறம் நிவாரணப் பொருளோடு முதலில் வந்த அமெரிக்கக் கப்பல்கள் போத்திக்குப் போகாமல் பதுமியில் வந்து நின்றன. கொஞ்சம் வடக்கே, ஜார்ஜியாவிலிருந்து பிரிந்து நிற்கும் அப்காசியாவின் சுகுமியில், ரஷ்யாவின் மாஸ்க்வா போர்க்கப்பல் நின்றுகொண்டிருந்தது. 2022 ஏப்ரல் 14 அன்று மூழ்கியதே, அதே மாஸ்க்வா.

சுக்திதியில் இறங்கினேன். டாக்சிக்காரரிடம் போனில் 60 என்று அடித்துக் காட்டினேன், போக வர இரண்டுக்கும் சேர்த்து. தலையாட்டினார். இதை நினைவில் வையுங்கள்.

அனாக்லியாவில் பையன் சொன்னது சரி, ஒன்றும் இல்லை. வேலி, மணல் குவியல், ஓரத்தில் தூங்கும் இயந்திரங்கள், யாருக்காகவோ கட்டி ஆள் இல்லாமல் நிற்கும் ஓட்டல்கள், ஒரு மாடு. ஆனால் நான் பார்க்க வந்ததே இந்த ஒன்றுமில்லாததைத்தான். போத்தியிலும் பதுமியிலும் ஆழம் போதாது, பெரிய கப்பல் வராது, இங்கே வரலாம் என்பதால் ஆழ்கடல் துறைமுகம் கட்டுவதாக 2016-ல் ஒப்பந்தம் போட்டார்கள், அமெரிக்கப் பங்காளியும் இருந்தார்கள். 2020 ஜனவரியில் ஜார்ஜிய அரசே அதை ரத்து செய்தது. மறுபடி டெண்டர், 2024-ல் கடைசிவரை நின்றது ஒரே ஒரு சீனக் கூட்டணி. அதே கரையில், நாற்பது கிலோமீட்டருக்குள், அப்காசியாவின் ஓசம்சிரே. கிரிமியாவின் செவஸ்தபோலில் உக்ரைன் அடி தாங்காமல் ரஷ்யக் கப்பல்கள் ரஷ்யாவின் நவரசீஸ்க் பக்கம் நகர ஆரம்பித்தபின், 2023 அக்டோபரில், ஓசம்சிரேயில் ரஷ்யாவுக்கு நிரந்தரக் கடற்படைத் தளம் வரும் என்று அப்காசியத் தலைவர் பிஜானியா அறிவித்தார். ஒரு பக்கம் ரஷ்யத் தளம், இந்தப் பக்கம் சீனத் துறைமுகம், எட்டத்தில் முகத்தைத் தூக்கிக்கொண்டு அமெரிக்கா. எல்லாப் பழியையும் ரஷ்யா தலையில் போடுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். அந்த 2020 கையெழுத்து ஜார்ஜியாவுடையதுதானே?

திரும்பும்போது டிரைவர் வடக்கே கை காட்டி “காலி” என்றார். நமக்குத் தமிழில் கேட்டது. எங்கே காலி, என்ன காலி என்று முழித்தேன். அப்புறம் போனில் மொழிபெயர்த்துக் காட்டினார்: காலி என்பது எங்குரி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர், அவர் வீடு அங்கே இருந்தது, 1993-ல் அப்காசியப் போரில் விட்டுவிட்டு ஓடிவந்தவர். இரண்டு லட்சத்துக்கும் மேலே ஜார்ஜியர்கள் அப்படி வந்தார்கள். எங்குரி அணை இந்தப் பக்கம், மின்சாரம் எடுக்கும் நிலையம் அந்தப் பக்கம், அதனால் பகையாளிகள் இருவரும் இன்றுவரை கரண்டைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். அவருக்கு மட்டும் வீட்டுக்குப் போக வழியில்லை.

கண் கலங்கத்தான் செய்தது. இறங்கும்போது நூற்றைம்பது கேட்டார். காத்திருந்ததற்கு, ரோடு மோசத்துக்கு, இன்னும் எதற்கோ. 60 என்று போனைக் காட்டினால் சிரிக்கிறார். பத்து நிமிஷம் தமிழில் சண்டை போட்டுப் பார்த்தேன், கொடுத்துவிட்டேன். 1993-ஐ நினைத்தால் கோபம் பாதி போகிறது, மீதிப் பாதி அப்படியே இருக்கிறது. பேசிய காசு பேசியதுதான்.

சாப்பாட்டைச் சொல்லாவிட்டால் பாவம். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு அம்மா நடத்தும் கடை, நாலே மேசை. கதவில் ‘எங்கள் நாட்டில் 20 சதவீதம் ரஷ்ய ஆக்கிரமிப்பில்’ என்று ஆங்கிலத்தில் ஸ்டிக்கர், உள்ளே மெனு ரஷ்ய மொழியிலும் இருக்கிறது, வியாபாரம் வேறு இல்லையா. எலார்ஜி என்று ஒன்று கொடுத்தார். பெயரைப் பார்த்து பயப்படாதீர்கள், வெள்ளை மக்காச்சோள மாவைக் களியாகக் கிண்டி, பாலாடைக்கட்டியை அதிலேயே உருக்கியது. கரண்டியால் தூக்கினால் முழ நீளத்துக்கு இழுக்கிறது. தொட்டுக்கொள்ள அஜிகா, மிளகாயும் பூண்டும் இடித்த விழுது. ஜார்ஜியா வந்து நாலாவது நாள் நாக்குக்கு உயிர் வந்தது. அஜிகா எங்களுடையது என்று இந்தப் பக்கத்து மிங்ரேலியர்களும் சொல்கிறார்கள், அந்தப் பக்கத்து அப்காசியர்களும் சொல்கிறார்கள். நான் வாயைத் திறக்கவில்லை, சாப்பிட மட்டும் திறந்தேன்.

மொத்தம் 14 லாரி. இருபதைக் கொடுத்தால் மீதியை எண்ணிக் கையில் வைத்துவிட்டு, ஒரு சின்ன பாட்டிலில் அஜிகாவும் அடைத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. ராத்திரி அறையில் பையனும் அவன் நண்பர்கள் மூன்று பேரும் சோற்றில் பிசைந்து பாட்டிலை வழித்துவிட்டார்கள். வீட்டுக்கு எடுத்துப்போக நினைத்திருந்தேன்.