தகரத்துக்குப் பின்னால் ஒரு மரம்

மேம்பால வேலை நடக்கும் இடத்தில் இன்று பஸ் நின்றபோது, தகரத் தடுப்பின் இடுக்கில் அந்தத் தூங்குமூஞ்சி மரம் தெரிந்தது.

அடிமரத்தைச் சுற்றிச் சாக்கு. அதன்மேல் பலகைகளை நிறுத்திக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஜேசிபி லேசாக இடித்தாலும் பட்டை உரியாது. நல்ல வேலை.

ஆனால் வேர்மேல் ஜல்லியைக் குவித்திருந்தார்கள்! மண் இறுகினால் வேருக்கு மூச்சு முட்டும். மரம் உடனே சாகாது. சில வருடம் கழித்துப் பட்டுப்போகும். அப்போது யாருக்கும் காரணம் நினைவிருக்காது.

மேம்பாலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த நெரிசலில் தினமும் முக்கால் மணி நேரம் நிற்பவன் நான்தான்.

ஆனால் கட்டிய மேம்பாலத்தையே பிறகு இடித்த ஊரும் உண்டு. தென் கொரியத் தலைநகர் சியோலில் சோங்யேச்சோன் ஓடையை மூடி, மேலே மேம்பாலமும் கட்டினார்கள். 2003-இல் அதை இடிக்கத் தொடங்கி, 2005-இல் 5.8 கிலோமீட்டருக்கு ஓடையைத் திறந்துவிட்டார்கள். (தண்ணீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து பம்ப் செய்வதுதான். அது வேறு கதை.) பழைய தூண்கள் மூன்றை மட்டும் ஓடைக்குள்ளேயே விட்டுவைத்திருக்கிறார்கள், நினைவுக்கு.

பஸ் நகர்ந்தது. பக்கத்து சீட் அம்மா எட்டிப் பார்த்து, “இதுக்கு அடியிலதான்பா முன்னாடி எங்க பஸ் ஸ்டாப்” என்றார்.