ஒரு சதத்துக்குப் பன்னிரண்டு சீடி

கனடாவுக்கு வந்த புதிதில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வகைக் கடிதங்கள்தான் ஒழுங்காக வரும். ஒன்று குடிவரவுத் திணைக்களத்திலிருந்து, மற்றது பாட்டு விற்கிற கிளப்புகளிலிருந்து. முதலாவதைப் பிரிக்கும்போது சித்தப்பாவுக்குக் கை நடுங்கும். ஆனால் அவரை வருடக்கணக்காக நித்திரை கொள்ளவிடாமல் வைத்திருந்தது இரண்டாவதுதான்.

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு இந்தக் கிளப் விஷயத்தை விளங்கப்படுத்துவது கஷ்டம். பத்திரிகைக்குள், வார இதழுக்குள் மடித்து வைத்த வழுவழுப்பான ஒரு தாள் வரும். அதில் முத்திரை மாதிரிச் சின்னச் சின்னதாக இசைத்தட்டுகளின் அட்டைப்படங்கள், ஓரத்தில் துளை போட்டிருக்கும், கிழித்து நக்கி ஒட்டலாம். பிடித்ததைத் தெரிவுசெய்து கார்டில் ஒட்டி, ஒரு சதக் குற்றியையும் டேப் போட்டு ஒட்டி அனுப்பினால் சரி. எட்டு, பதினொன்று, பன்னிரண்டு என்று காலத்துக்குக் காலம் எண்ணிக்கை மாறும், ஆனால் விலை அந்த ஒரு சதம்தான். யாழ்ப்பாணத்தில் பாட்டு வேண்டுமென்றால் லிஸ்ட் எழுதிக்கொண்டு றெக்கோடிங் பாருக்குப் போய், கசெட்டுக்கும் கூலிக்கும் காசு கொடுத்து, இரண்டு நாள் பொறுத்து வாங்கின ஆட்கள் நாங்கள். 1990க்குப் பிறகு கரண்டும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருத்தர் பெடலைச் சுற்ற, டைனமோவில் பாட்டுக் கேட்டோம். அப்படி வந்தவர்களிடம், முகம் தெரியாத ஒரு கொம்பனி முதலில் பாட்டை அனுப்புகிறேன், காசைப் பிறகு தா என்றால் யார்தான் மயங்கமாட்டார்கள்?

சித்தப்பா மயங்கவில்லை. "ஒரு சதத்துக்கு ஒருத்தனும் ஒண்டும் தரமாட்டான் தம்பி" என்று தாளைக் குப்பையில் போட்டார். அதைக் குப்பையிலிருந்து எடுத்தது அவருடைய மகன், எனக்குத் தம்பி முறை, பதின்மூன்று வயது. இரண்டு வருடம் முந்தி வந்தவன் என்பதால் வீட்டில் அவன்தான் ஆங்கிலத்துக்குப் பொறுப்பு. சித்தப்பாவின் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் இருபது எழுத்துக்கு மேல் வரும், கார்டில் அத்தனை கட்டங்கள் இல்லை. அவன் பெயரை நடுவில் வெட்டி, முன்துண்டை முதற்பெயராகவும் பின்துண்டைக் குடும்பப் பெயராகவும் போட்டுவிட்டான். கையெழுத்தும் அவனே.

சில வாரத்தில் தபால் கந்தோரில் வந்து எடுக்கச் சொல்லி ஒரு துண்டு வந்தது. சித்தப்பா குடிவரவுக் கடதாசியைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு, என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கவுண்டரில் நின்ற பெண் பெட்டியில் இருந்த பெயரைப் பார்த்தாள், கடதாசியில் இருந்த பெயரைப் பார்த்தாள், திரும்பவும் பெட்டியைப் பார்த்தாள். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சொல்லுகிற அளவுக்கு எங்களிடம் ஆங்கிலம் இல்லை. கடைசியில் அவளே சிரித்துக்கொண்டு பெட்டியைத் தள்ளிவிட்டாள். வீட்டுக்கு வந்து பிரித்தால் பன்னிரண்டு சீடி. எங்களிடம் சீடி போடுகிற மெஷின்கூட இல்லை. அன்று தம்பிக்கு விழுந்த அடியைப் பற்றி எழுதத் தேவையில்லை.

எந்தக் கிளப் என்பதும் முக்கியமில்லை, எல்லாமே ஒரே முறையில்தான் ஓடின. இந்த வியாபாரத்தைப் பெரிய அளவில் தொடங்கியது கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம், 1955இல். இசைத்தட்டுக் கடை இல்லாத ஊர்களுக்குத் தபாலில் விற்கலாம் என்பது கணக்கு. பிறகு அது கொலம்பியா ஹவுஸ் ஆனது, போட்டிக்கு ஆர்.சி.ஏ. என்ற இன்னொரு இசைத்தட்டு நிறுவனத்தின் கிளப், அது பிறகு பி.எம்.ஜி. ஆனது. 1994இல் அமெரிக்காவில் விற்ற இசையில் ஏறக்குறைய 15 வீதம் இப்படிக் கிளப்புகள் வழியாகத்தான் போனது. கொலம்பியா ஹவுஸின் கனடிய முகவரி ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம், எங்கள் ஸ்காபரோவிலேயே இருந்தது. ஊரில் பாதி வந்து குடியேறியிருந்த அதே ஸ்காபரோ.

ஒரு சதம் வெறும் தூண்டில். அதை விழுங்கியவர் அடுத்த இரண்டு மூன்று வருடத்துக்குள் இன்னும் இத்தனை சீடி 'வழமையான விலை'க்கு வாங்கவேண்டும், அந்த விலை கடை விலையைவிடக் கூட. அதன்மேல் ஒவ்வொன்றுக்கும் அனுப்புகூலி, அதன்மேல் 7 வீதம் ஜி.எஸ்.டி., ஒன்ராறியோவின் 8 வீத வரி. அதுகூடப் பரவாயில்லை. அசல் விளையாட்டு மாதாந்தக் கார்டில் இருந்தது. நீங்கள் எந்த வகைப் பாட்டுக்கு அடையாளம் போட்டீர்களோ அந்த வகையில் கிளப்பே ஒரு தட்டைத் தெரிவுசெய்து வைத்திருக்கும். வேண்டாம் என்றால் கார்டில் குறித்துத் தேதிக்குள் திருப்பி அனுப்பவேண்டும், பேசாமல் இருந்தால் தட்டு வீட்டுக்கு வரும், பின்னாலேயே பில்லும் வரும். அமெரிக்காவில் இதற்கு 1970களிலேயே அரசாங்கம் விதி போட்டு, பதில் சொல்ல ஆட்களுக்குக் குறைந்தது பத்து நாளாவது கொடுக்கவேண்டும் என்றது. முறையைத் தடுக்கவில்லை.

எங்களுக்கு இது விளங்கவே கனகாலம் எடுத்தது. நாங்கள் வளர்ந்த இடத்தில் பேசாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. கேட்டால் ஒழிய வாய் திறக்காதே, எழுதிக் கொடுக்காதே, கையெழுத்து வைக்காதே என்று சொல்லித்தான் சோதனைச் சாவடிகளைத் தாண்டினோம். இங்கே பேசாமல் இருந்தால் சம்மதம் என்று பில் அடித்து அனுப்புகிறார்கள். எங்களுக்கு மட்டும்தான் இது விசித்திரமாகத் தெரிந்தது என்றும் இல்லை. 1995 ஜனவரியில் ரொஜர்ஸ் கேபிள் கொம்பனி புதுச் சனல்களைக் கொடுத்து, வேண்டாம் என்று சொல்லாதவர்கள் எல்லாரும் காசு கட்டவேண்டும் என்றபோது இந்த நாட்டுக்காரர்களே கொதித்தெழுந்து, கொம்பனி மன்னிப்புக் கேட்டுப் பின்வாங்கியது. அந்தச் செய்தியைத் தம்பி வாசித்துச் சொன்னபோது சித்தப்பாவின் முகத்தில் வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் அதற்கு முதல் அவர் பட்ட பாடு! தம்பி அடையாளம் போட்டிருந்த வகை ஹெவி மெட்டல் என்ற இரைச்சலான ராக் இசை. மண்டையோடு, சங்கிலி, இரத்தம் வடிகிற எழுத்து என்று அட்டைகள் வர வர, சித்தி அவற்றைச் சாமிப் படத்துக்கு முதுகு காட்டித் திருப்பி வைப்பா. பில்லைக் கட்டாவிட்டால் அடுத்தது நினைவூட்டல், அதற்கடுத்தது கடன் வசூலிப்பவர்களிடம் கொடுப்போம் என்ற கடிதம். ஜன்னல் வைத்த கவரில் வருகிற எந்தக் கடிதமும் சித்தப்பாவுக்கு அரசாங்கக் கடிதம்தான். "இதாலை சிட்டிசன்ஷிப்புக்கு ஏதும் பிரச்சினை வருமோ?" என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் கேட்டார். பதினெட்டு வயதாகாத பிள்ளை போட்ட ஒப்பந்தத்தைக் காட்டிக் காசு கேட்க முடியாது என்று ஒருவர் நியாயமாகத்தான் சொன்னார். அப்படியென்றால் மகன் கள்ளக் கையெழுத்துப் போட்டான் என்று எழுதிக் கொடுக்கவேண்டும், அது அவனுடைய பைலுக்குப் போய்விடுமே என்று சித்தப்பா அதைக் கையிலேயே எடுக்கவில்லை. குடியுரிமை கேட்க மூன்று வருடம் இங்கே வசித்திருக்கவேண்டும், கிளப் கொடுத்திருந்த தவணையும் மூன்று வருடம். இரண்டையும் ஒன்றாக முடிப்பது என்று தீர்மானித்தார்.

அதன்பிறகு அவர் அதை ஒரு விரதம்போலக் கடைப்பிடித்தார். தமிழ்க்கடைக் கலண்டரில் ராகுகாலத்துக்குப் பக்கத்தில் கார்ட் அனுப்பவேண்டிய நாளைச் சிவப்பால் வட்டம் போடுவார். தேதிக்கு ஒரு கிழமை முந்தியே கார்டில் 'வேண்டாம்' கட்டத்தை அழுத்தி நிரப்பி, 43 சத முத்திரை ஒட்டி, தபால்பெட்டி வாயைத் தூக்கி உள்ளே விழுந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். பன்னிரண்டு சீடி வாங்க ஒரு சதம், ஒன்று வேண்டாம் என்று சொல்ல 43 சதமோ என்று புறுபுறுத்துக்கொண்டே போவார். தப்பித்தவறி வந்த பார்சலைப் பிரிக்காமல், அனுப்பியவருக்கே திருப்பு என்று மேலே எழுதிப் போட்டுவிடலாம் என்பதை மாடியில் இருந்த கிழவி ஒருத்தி சொல்லித் தந்தா. அது பெரிய உதவி.

வாங்கியே ஆகவேண்டிய மிச்சத்துக்கு என்ன எடுப்பது? தமிழ்ப் பாட்டு அந்தக் கட்லொக்கில் மருந்துக்கும் இல்லை. அதற்கு எங்கள் கடைகள் இருந்தன, மரக்கறியும் வீடியோக் கொப்பியும் கசெட்டும் ஒரே தட்டில். கடைசியில் வகையை மாற்றி, வாய்ப்பாட்டே இல்லாத வயலின் தட்டுகளாகத் தெரிவுசெய்தார்கள். நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த மனிதர், பழைய பொருள் கடையில் சீடி மெஷின் ஒன்று வாங்கி, ஞாயிற்றுக்கிழமை இறைச்சி காய்ச்சும்போது அதைப் போட்டுவிட்டுத் தொடையில் தாளம் தட்டுவார். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

கடமை முடிந்ததும் விலகல் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினார். இரண்டு மாதம் போகவில்லை, திரும்பி வாருங்கள், இன்னும் இத்தனை இலவசம் என்று கடிதம், அதுவும் தம்பி வெட்டின பெயரில் ஒன்று, சரியான பெயரில் ஒன்று. கொலிஜ் போன காலத்தில் தம்பி தன் பெயரிலேயே ஒழுங்காகச் சேர்ந்து, அனுப்புகூலி வரை கூட்டிப் பார்த்து, கடை விலையில் பாதிக்கு விழுகிறது என்று கணக்குக் காட்டினான். கணக்குத் தெரிந்தவனுக்கு அது நல்ல வியாபாரம்தான். மறந்துபோகிறவர்களை நம்பித்தான் கிளப் ஓடியது.

பிறகு 1999இல், இணையத்தில் பாட்டுகளைக் காசில்லாமல் பரிமாறிக்கொள்ளும் நாப்ஸ்டர் வந்தது, கணினியிலேயே சீடியில் பாட்டைப் பதியத் தொடங்கினார்கள், கதை முடிந்தது. அமெரிக்காவில் பி.எம்.ஜி. கிளப் 2009இல் மூடப்பட்டது, கொலம்பியா ஹவுஸின் தாய் நிறுவனம் 2015இல் திவால் மனுக் கொடுத்தது. போன கோடையில் தம்பி வீட்டு முன்றலில் பழையது விற்கப் போட்டபோது ஒரு இசைத்தட்டுப் பைத்தியம் வந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். கிளப்புகள் உரிமை வாங்கித் தாங்களே அடித்த தட்டுகளில் பின் அட்டையில் அதற்கான குறிப்பு இருக்கும், சிலவற்றில் பார்கோடு இருக்கவேண்டிய இடத்தில் வேறு இலக்கம் இருக்கும். சேகரிப்பவர்களுக்கு அது பிடிக்காதாம். அவர் மெட்டல் தட்டுகளை அப்படியே வைத்துவிட்டு, வயலின் தட்டுகளுக்கு என்ன விலை என்று கேட்டார். சித்தப்பா கதிரையிலிருந்து எழும்பி வந்து அவை விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்.