மீன் எண்ணெய் மாத்திரையால் தள்ளிப்போன பயாப்சி

எனக்கு 63 வயது. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. 6.8 என்று வந்தது. ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வரும் புரதம் அது; கூடினால் புற்றுநோயாக இருக்குமோ என்று பார்ப்பார்கள். மறுபடி எடுத்தார்கள், குறையவில்லை. எம்.ஆர்.ஐ.யில் ஓர் இடம் சந்தேகமாகத் தெரிந்ததால், ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சிக்குத் தேதி கொடுத்தார்கள். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

காத்திருந்த மூன்று வாரத்தில்தான் தப்பு நடந்தது. ஊர் விருதுநகர். எண்ணெய் பரோட்டா சாப்பிட்டு வளர்ந்த உடம்பு. கொழுப்புச் சாப்பாட்டால்தான் புராஸ்டேட்டில் புற்றுநோய் வருகிறது என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். அதைத் தடுக்கும் என்று மைத்துனர் மீன் எண்ணெய் மாத்திரையும் வைட்டமின் ஈ-யும் வாங்கிக் கொடுத்தார். பயத்தில் இரண்டையும் தினமும் விழுங்கினேன்.

பயாப்சி அன்று விடியற்காலையில் மதுரைக்குக் கிளம்பினோம். மகன் லீவு போட்டிருந்தான். ஆஸ்பிரினை டாக்டர் சொன்னபடி ஒரு வாரம் முன்பே நிறுத்தியிருந்தேன். உடை மாற்றிப் படுத்த பிறகு சிஸ்டர் கேட்டார்: "வேற சத்து மாத்திரை ஏதும் எடுக்கிறீங்களாப்பா?" சொன்னேன். அவ்வளவுதான், எழுப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டுமே ரத்தம் உறைவதைக் கொஞ்சம் குறைக்கலாமாம், பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். முன்பே கொடுத்த தாளில் ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் மட்டும்தான் இருந்தன. சத்து மாத்திரை பற்றி ஒரு வரி சேர்த்திருந்தால் அந்தப் பத்து நாள் தூக்கம் கெட்டிருக்காது. இன்னமும் எனக்கு ஆறவில்லை.

ஆனால் டாக்டர் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். வைட்டமின் ஈ-யும் செலினியம் என்ற தாதுச் சத்தும் புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்குமா என்று பார்க்க அமெரிக்காவில் 2001-ல் தொடங்கிய 'செலக்ட்' ஆய்வில் 35,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் சேர்ந்தார்கள். வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களுக்கு, மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களைவிடப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம் என்று 2011-ல் தெரிந்தது. ரத்தத்தில், மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பு கூடுதலாக இருந்தவர்களுக்கும் நோய் அதிகம் என்று அதே ஆய்வின் ரத்த மாதிரிகளை வைத்து 2013-ல் எழுதினார்கள். மீன் எண்ணெய்தான் காரணம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பிறகு 25,000-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தினம் 1 கிராம் ஒமேகா-3 கொடுத்துப் பார்த்தும் புற்றுநோய் குறையவில்லை. இறைச்சி, பால் கொழுப்பு பற்றியும் ஆய்வுகள் ஒன்றுபோலச் சொல்லவில்லையாம். உடல் பருமனுக்கும் முற்றிய நோய்க்கும்தான் தொடர்பு ஓரளவு தெளிவாக இருக்கிறது. "எந்த எண்ணெய்னு அலையாதீங்க, வயித்தைக் குறைங்க" என்றார்.

இரண்டாவது முறை சுலபமாக முடிந்தது. சிறுநீரில் சில நாள் ரத்தம் வந்தது, பயப்படத் தேவையில்லை. ஆனால் காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் அதிகமாகப் போனாலோ, சிறுநீர் போக முடியாவிட்டாலோ உடனே ஓடுங்கள்.

போகிறவர்களுக்கு ஒன்று: வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டையையும், கடையில் நீங்களாக வாங்கியதையும் சேர்த்து, தேதி வாங்கும் அன்றே காட்டிவிடுங்கள். அப்புறம், பி.எஸ்.ஏ.வுக்கு ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பிருந்து சைக்கிள், தாம்பத்தியம் வேண்டாம். சிறுநீரில் எரிச்சல் இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள்.

எனக்கு வந்தது கிளீசன் 6, அதாவது புற்றுநோய்தான், ஆனால் வீரியம் குறைந்த வகை. இப்போதைக்கு அறுவை வேண்டாம், கண்காணித்தால் போதும் என்றார்கள். எடை 84-லிருந்து 80 ஆகியிருக்கிறது. அடுத்த பி.எஸ்.ஏ. தை மாதம்.