கர்ப்பப்பையை எடுக்கும் முன் திசுவைப் பாருங்கள்

ஐம்பத்தைந்து, அறுபது வயதுப் பெண்மணி ஒருவர் முழு உடல் பரிசோதனைக்குப் போய்த் திரும்பும்போது, ஸ்கேன் அறிக்கையில் கருப்பை உட்சவ்வின் தடிமன் 6 அல்லது 7 மில்லிமீட்டர் என்று ஒரு வரி இருந்துவிட்டால் போதும், அந்த வீட்டில் அன்றிரவு யாருக்கும் தூக்கம் இருக்காது. நான் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து நோயைக் கண்டறியும் பெத்தாலஜிஸ்ட் என்பதால், உறவினர்கள் அந்த வரியைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பிவிடுகிறார்கள். பல நேரங்களில், "எதற்கு வம்பு, எடுத்துவிடலாம்" என்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த பிறகுதான் கேள்வியே வருகிறது. தடிமன் என்பது ஓர் அளவு மட்டுமே. அது நோயின் பெயர் அல்ல என்பதை அவர்களுக்குப் புரியவைப்பது எளிதாக இருப்பதில்லை.

4 மில்லிமீட்டர் என்ற எல்லைக்கோடு மாதவிடாய் நின்றபின் இரத்தக்கசிவு ஏற்பட்ட பெண்களுக்காக வகுக்கப்பட்டது. கசிவு உள்ள ஒருவருக்குப் பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில் உட்சவ்வு 4 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், புற்றுநோய் இருப்பதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்றைவிடக் குறைவு. ஆகவே உடனடியாகத் திசு எடுக்க வேண்டியதில்லை. கசிவே இல்லாத பெண்ணுக்கு இதே கோட்டைப் பிடித்துக்கொண்டு பயமுறுத்துவது பொருந்தாது. அத்தகையவர்களுக்கு 11 மில்லிமீட்டர் அளவில்தான் திசுச் சோதனையைப் பற்றி யோசிக்கலாம் என்று 2004-இல் வெளிவந்த ஒரு கணக்கீடு கூறியது. மார்பகப் புற்றுநோய்க்காகத் தமாக்ஸிஃபென் சாப்பிடுபவர்களுக்கோ இந்த அளவுகள் இன்னும் குழப்பமானவை. அம்மருந்தே சவ்வுக்கு அடியிலுள்ள திசுவை மாற்றி, ஸ்கேனில் தடித்ததுபோல் காட்டிவிடும்.

மாறாக, கசிவு இருந்தால் அதை அற்பமாக எண்ணவே கூடாது. கடைசி மாதவிடாய் வந்து ஓராண்டு ஆனபின் பழுப்பு நிறத்தில் ஒரு துளி பட்டாலும் அது கசிவுதான். அப்படி வருபவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் இருக்கிறது; திருப்பிப் பார்த்தால், அந்தப் புற்றுநோய் கண்ட வயதான பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு முதல் அறிகுறி இதுவாகவே இருந்திருக்கிறது. சவ்வு மெல்லியதாக இருந்தும் கசிவு மீண்டும் வந்தால், அளவைப் பார்க்காமல் திசுவை எடுத்துவிட வேண்டும். மெல்லிய சவ்விலும் வரக்கூடிய வேறு வகைப் புற்றுநோய்கள் உண்டு.

சினைப்பை ஓய்ந்தபிறகு சவ்வு எதற்காக வளர வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அட்ரீனல் சுரப்பி தரும் ஆண்ட்ரோஜன்களைக் கொழுப்புத் திசுவில் உள்ள அரோமட்டேஸ் என்னும் நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. முட்டை வெளிவருவது நின்றுவிட்டதால் அதற்கு எதிரீடாக இருக்க வேண்டிய புரொஜெஸ்டிரோன் இல்லை. உரமிட்டுக்கொண்டே போய் அறுவடையே செய்யாத வயல்போல உட்சவ்வின் சுரப்பிகள் நெருக்கியடித்துப் பெருகுகின்றன. உடல் பருமனும் சர்க்கரை நோயும் உள்ளவர்களிடம் இதை அதிகம் காண்பது இதனால்தான்.

என் சித்திக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ இதுவே. உள்பாவாடையில் கறை பட்டதை யாரிடமும் சொல்லாமல், "சூட்டுக்கு இப்படிப் படும்டி, வெந்தயம் ஊறவைத்துக் குடித்தால் சரியாகிவிடும்" என்று நாட்களைக் கடத்திய பிறகே மருத்துவரிடம் போனார். ஸ்கேனில் 9 மில்லிமீட்டர். புறநோயாளிப் பிரிவிலேயே மெல்லிய உறிஞ்சுகுழல் கொண்டு திசு எடுக்க முயன்றபோது, வயதின் காரணமாகக் கருப்பை வாய் சுருங்கியிருந்ததால் குழல் உள்ளே போகவில்லை. பின்னர் மயக்கம் கொடுத்து, ஹிஸ்டரோஸ்கோப் என்னும் கருவியால் உள்ளே பார்த்து, சுரண்டி எடுத்தார்கள். குழல் கண்மூடித்தனமாகச் சவ்வின் சிறு பகுதியை மட்டுமே தொடும். பாலிப் என்னும் சிறு சதை வளர்ச்சி இருந்தால் தவறவிட்டுவிடும் என்பதால், நேரில் பார்த்து எடுப்பதையே நான் விரும்புகிறேன். "போதிய திசு இல்லை" என்று அறிக்கை வந்து கசிவு தொடர்ந்தாலும், அதை நல்ல செய்தியாகக் கொள்ளாமல் மீண்டும் எடுக்க வேண்டும்.

சித்தியின் ஸ்லைடுகளை நானும் வாங்கிப் பார்த்தேன். சுரப்பிகள் கூட்டமாக இருந்தன, சில பலூன்போல உப்பியும் இருந்தன. ஆனால் அவற்றைச் சுற்றிய செல்களின் உட்கருக்கள் நீண்டு, ஒழுங்காக வரிசையில் நின்றன. அடிப்பியா, அதாவது செல்களின் உருவம் இயல்பு பிறழ்ந்திருப்பது, இல்லாத மிகைவளர்ச்சி. இந்த வகை இருபது ஆண்டுகளில் புற்றுநோயாக மாறுவது நூற்றில் ஐந்துக்கும் குறைவான பெண்களிடமே. சிகிச்சையாக, லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோனைக் கருப்பைக்குள்ளேயே சிறிதுசிறிதாக வெளியிடும் சாதனத்தைப் பொருத்தினார்கள். "பேரன் எடுத்த வயசில் எனக்குக் காப்பர்-டீயா?" என்று சித்தி கேட்டதற்கு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, இது கர்ப்பத்தடைக்காக அல்ல, சவ்வை ஒடுக்குவதற்காக என்று மருத்துவர் விளக்க வேண்டியிருந்தது. புரொஜெஸ்டிரோனைப்போல் செயல்படும் புரொஜெஸ்டோஜனை மாத்திரையாகவும் தொடர்ந்து கொடுக்கலாம். ஆனால் சாதனத்தில் சவ்வு இயல்புக்குத் திரும்பும் வாய்ப்பு அதிகம், பக்கவிளைவும் குறைவு. குறைந்தது ஆறு மாதம் சிகிச்சை, ஆறு மாதத்திற்கு ஒருமுறை திசுச் சோதனை, அடுத்தடுத்து இருமுறை இயல்பாக இருக்கும்வரை. இது பிரிட்டனின் மகப்பேறு மருத்துவக் கல்லூரி 2016-இல் வெளியிட்ட நெறிமுறை. ஓராண்டு சிகிச்சைக்குப் பின்னும் மிகைவளர்ச்சி அடங்காவிட்டாலோ, அடங்கித் திரும்பினாலோ கர்ப்பப்பையை எடுப்பது நியாயமே.

அடிப்பியா இருந்தால் கதை வேறு. உட்கரு உருண்டு பெருத்து, உள்ளே நியூக்ளியோலஸ் என்னும் சிறு புள்ளி கண்ணுக்குத் தெரிய, செல்கள் வரிசை தப்பி நிற்கும். 1985-இல் வெளிவந்த, 170 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், சுரப்பிகள் மிக நெருக்கியடித்த, அடிப்பியாவுடன் கூடிய சிக்கலான வகையினரில் 29 விழுக்காட்டினருக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் வந்தது. அதைவிட என்னை அதிகம் உறுத்துவது 2006-இல் வந்த அமெரிக்க ஆய்வு: அடிப்பியா என்ற அறிக்கையுடன் கர்ப்பப்பை எடுக்கப்பட்ட 289 பெண்களில் 123 பேருக்கு அந்தக் கர்ப்பப்பையிலேயே புற்றுநோய் இருந்தது. ஆகவே மாதவிடாய் நின்றவருக்கு அடிப்பியா என்றால், கர்ப்பப்பையோடு கருக்குழாய்களையும் சினைப்பைகளையும் சேர்த்து எடுப்பதே முறை; அங்கே தயங்குவதில் பொருளில்லை.

அதே ஆய்வில் எங்கள் தொழிலுக்குச் சங்கடம் தரும் ஒரு செய்தியும் உண்டு. மூத்த வல்லுநர் குழு அந்த ஸ்லைடுகளை மீண்டும் பார்த்தபோது, முதல் அறிக்கை எழுதியவரோடு குழுவின் பெரும்பான்மை ஒத்துப்போனது 40 விழுக்காட்டிற்கும் குறைவான பெண்களில்தான். மற்றவற்றில் சில அதைவிடச் சாதாரணமானவை, சில புற்றுநோயே. எனவே அறுவை சிகிச்சைக்கு முன் ஸ்லைடுகளையும், திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டிகளையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்கி, மகளிர் புற்றுநோய்த் திசுக்களை அதிகம் பார்க்கும் இன்னொருவரிடம் காட்டுவதை எந்த மருத்துவரும் தவறாக நினைக்க மாட்டார், நினைத்தாலும் பரவாயில்லை.

அறுவை சிகிச்சை என்று முடிவானால், கருப்பை வாயை விட்டுவிட்டு மேற்பகுதியை மட்டும் எடுப்பதோ, லேப்ராஸ்கோப்பியின்போது வயிற்றுக்குள்ளேயே துண்டுதுண்டாக நறுக்கி எடுப்பதோ கூடாது. ஒளிந்திருக்கும் புற்றுநோய் வயிறெங்கும் சிதற அது வழிவிடும். சவ்வை வெப்பத்தால் பொசுக்கும் முறையும் இங்கே வேண்டாம், பொசுங்கிய இடத்தின் கீழே எஞ்சியதைப் பிறகு பரிசோதிக்க வழியிராது. இதயம் பலவீனமாகி மயக்க மருந்தே தாங்காதவர்களுக்கு மட்டும் அதே ஹார்மோன் சாதனத்தைப் பொருத்தி, ஆறு மாதமல்ல, மூன்று மாதத்திற்கு ஒருமுறை திசுவை எடுத்துப் பார்த்து வருகிறார்கள்.