பருவோடு பத்து மாதங்கள்

ஜனவரி 12

இரண்டு ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டுவிட்டு இன்றுதான் தோல் மருத்துவரைப் பார்த்தேன். தாடை ஓரத்தில், தோலுக்கு அடியில் புதைந்து, தொட்டாலே வலிக்கும் கட்டிகள் ஏழு இருக்கின்றன. முதுகில் இருப்பவற்றை நான் எண்ணவில்லை. முகத்தைச் சரியாகக் கழுவாததால்தான் பரு வருகிறது என்று எத்தனையோ பேர் சொல்ல, அதை நம்பி நாளுக்கு ஐந்து முறை தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறேன். எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதியாகச் சுரப்பதும், மயிர்க்காலின் வாய் இறந்த செல்களால் அடைபடுவதும், அங்கே வாழும் பாக்டீரியா பெருகுவதும், அதற்கு உடல் காட்டும் அழற்சியும் சேர்ந்தே பரு உண்டாகிறது என்றும், சோப்பு அந்த ஆழத்துக்கு எட்டாது என்றும் மருத்துவர் பொறுமையாகச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரோ சொன்னதைக் கேட்டுப் பூசிவந்த ஸ்டீராய்டு க்ரீமை உடனே நிறுத்தச் சொன்னார். அதுவே பருவைக் கிளப்பிவிடுமாம்.

டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை 100 மில்லிகிராம், பூசிக்கொள்ள இரவில் அடாபலீன், காலையில் பென்சாயில் பெராக்சைடு என்று எழுதித் தந்தார். ஆன்டிபயாட்டிக்கை மட்டும் உட்கொண்டால் பாக்டீரியா அதற்குப் பழகிவிடும் என்பதால்தான் பென்சாயில் பெராக்சைடும் சேர்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் இந்த மாத்திரையை நீட்டிக்க அவருக்கு விருப்பமில்லை.

பிப்ரவரி 20

தோல் உரிந்து எரிவதால் அடாபலீனை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூசுகிறேன். தலையணை உறைகள் வெளுத்துப்போயின. பென்சாயில் பெராக்சைடு துணியின் சாயத்தை எடுத்துவிடும் என்பது அதற்குப் பிறகே தெரிந்தது.

ஏப்ரல் 13

சிறு பருக்கள் குறைந்திருக்கின்றன, ஆழமான கட்டிகள் குறையவில்லை. அதைவிட வருத்தம் தருவது, ஆறிய இரண்டு கட்டிகளின் இடத்தில் விழுந்திருக்கும் குழிகள். தழும்பு விழத் தொடங்கிவிட்டால் காத்திருக்கக் கூடாது என்றார் மருத்துவர். பெண்களுக்கு ஹார்மோன் வழியாகச் செயல்படும் ஸ்பைரோனோலாக்டோன் பற்றியும் பேசினோம். பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும் என்பதால் அதை ஒதுக்கிவிட்டு ஐசோட்ரெடினோயின் என்று முடிவு செய்தோம். 1982 முதல் பயன்பாட்டில் இருக்கும் இந்த மருந்து எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்குகிறது.

ஆனால் கருவிலிருக்கும் குழந்தைக்குக் கடுமையான ஊனங்களை உண்டாக்கும். தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து, முடித்து ஒரு மாதம் ஆகும்வரை கருத்தடை கட்டாயம். இடையிடையே கர்ப்பப் பரிசோதனையும் உண்டு. குழந்தை பெற்றுக்கொள்வதைப் பற்றி நாங்கள் பேசத் தொடங்கியிருந்த நேரம் இது. கணவரும் நானும் இரவு வெகுநேரம் பேசி, தள்ளிவைப்பதென்று முடிவெடுத்தோம். அவர் ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை என்பதை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

மே 16

இரத்தப் பரிசோதனையில் கல்லீரலும் கொழுப்பும் சரியாக இருந்தன, கர்ப்பமும் இல்லை என்று உறுதியானது. முதல் மாதம் நாளொன்றுக்கு 20 மில்லிகிராம். கொழுப்புள்ள உணவோடு உட்கொண்டால்தான் மருந்து உடலில் நன்றாகச் சேரும். டாக்சிசைக்ளினை முன்பே நிறுத்தியாகிவிட்டது. இரண்டும் சேர்ந்தால் மூளையைச் சுற்றிய அழுத்தம் கூடும் அபாயம் உண்டு. வைட்டமின் ஏ மாத்திரைகளும் கூடாது.

ஜூன் 3

முகம் முன்பைவிட மோசமாகிவிட்டது. முதல் சில வாரங்களில் இப்படிப் பொங்கலாம் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார்; இருந்தும் கண்ணாடியைத் துணியால் மூடிவைத்தேன். கன்னத்தில் பெரிதாக வீங்கிய ஒரு கட்டிக்குள் மிகக் குறைந்த அளவு ஸ்டீராய்டு ஊசி போட்டார்; மூன்றே நாளில் அமுங்கியது. பூசிக் கெட்ட அதே ஸ்டீராய்டு, உரிய இடத்தில் உரிய அளவில் இப்படி உதவுகிறது.

ஜூலை 18

ஜூன் 15 முதல் 40 மில்லிகிராம். உதடுகள் வெடித்து, வாய் திறக்கவே வலிக்கிறது. இருமுறை மூக்கில் இரத்தம் வந்தது. வாசலின் இல்லாமல் எங்கும் போவதில்லை. ட்ரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு சற்று ஏறியிருக்கிறது, மருந்தை மாற்றும் அளவுக்கு இல்லை. மனச்சோர்வு தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார். கணவரிடமும் கவனிக்கச் சொல்லியிருக்கிறார். இதுவரை அப்படி எதுவும் இல்லை.

இந்த மாதம் புதிய கட்டி ஒன்றே ஒன்றுதான்.

நவம்பர் 14

கடைசி மாத்திரை. என் எடை 50 கிலோ. கிலோவுக்கு 120 முதல் 150 மில்லிகிராம் என்ற மொத்த அளவை எட்டும்வரை உட்கொண்டால் பரு திரும்பும் வாய்ப்பு குறையும் என்பதால், கூட்டிப் பார்த்துக்கொண்டே வந்தோம். 6,700 மில்லிகிராமைத் தொட்டுவிட்டது. ஆகஸ்ட்டுக்குப் பிறகு புதிய கட்டி வரவில்லை. திரும்பினால் இரண்டாம் சுற்றும் தரலாமாம்.

தாடையின் இரண்டு குழிகள் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்கான லேசர் சிகிச்சையை, தோல் தேறுவதற்குச் சில மாதங்கள் கழித்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். கருத்தடையும் இரத்த தானம் செய்யாமல் இருப்பதும் இன்னும் ஒரு மாதம் தொடர வேண்டும். டிசம்பர் 14 என்று நாட்காட்டியில் கணவர் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.