சாயமில்லாப் பச்சை: துணிக்கை அடுக்குகளில் ஒளி

நிலாவெளி உப்பளத்தில் விளையும் உப்புக் கல்லொன்றின் உள்ளே சோடியம் அயன்களும் குளோரைட்டு அயன்களும் 0.28 நனோமீற்றர் இடைவெளியில் வரிசை பிசகாமல் அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அடுக்கை 1913 இல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு கண்டறிந்தவர்கள், தந்தையும் மகனுமான வில்லியம் ஹென்றி பிராக்கும் வில்லியம் லோரன்ஸ் பிராக்கும் ஆவர். ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் சிறிதளவே தெறிக்கும் கதிர்கள், அவற்றின் பாதை வித்தியாசம் அலைநீளத்தின் முழு மடங்காக அமையும் கோணங்களில் மட்டும் ஒன்றையொன்று வலுப்படுத்தி, ஏனைய கோணங்களில் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன என்பதே அவர்கள் பயன்படுத்திய விதி. நாம் கண்ணால் காணும் ஒளியின் அலைநீளமோ 400 முதல் 700 நனோமீற்றர் வரையானது. அதாவது, உப்பின் அடுக்கு இடைவெளியைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேலானது. ஆகவே அந்த ஒளிக்கு உப்பின் அடுக்குகள் இருப்பதே தெரிவதில்லை. நன்றாக விளைந்த தனிப் பளிங்கு நிறமின்றித் தெளிவாக இருக்கிறது. அயன்களின் இடத்தில் 200 அல்லது 300 நனோமீற்றர் விட்டமுள்ள துணிக்கைகளை வைத்து அதேபோல ஒழுங்காக அடுக்கினால் என்ன நிகழும் என்பதே இந்தப் பதிவின் பொருள்.

பல்கலைக்கழக ஆய்வுகூடமொன்றில் பணியாற்றும் என் பழைய மாணவி ஒருத்தி, அத்தகைய படலம் படிந்த கண்ணாடித் தகடொன்றை எனக்கு அனுப்பியிருந்தாள். ஏறத்தாழ 250 நனோமீற்றர் விட்டமுள்ள சிலிக்கா உருண்டைகள் மிதக்கும் திரவத்தில் தகட்டைச் செங்குத்தாக நிறுத்தி, திரவத்தை மெல்ல மெல்ல ஆவியாக விட்டால், திரவ மட்டம் இறங்க இறங்க உருண்டைகள் அந்த விளிம்பில் தாமாகவே வந்து அடுக்காகிக்கொள்ளும். சந்தையில் தோடம்பழங்களைக் குவித்து அடுக்கும்போது ஒவ்வொரு பழமும் கீழேயுள்ள மூன்று பழங்களின் நடுக் குழியில் அமர்வதைப் போன்ற அடுக்கு அது. அதில் உருண்டைகள் இடத்தின் 74 சதவீதத்தை நிரப்புகின்றன. மிகுதி 26 சதவீதம் வெறும் காற்று.

சன்னலோரமாக நேரே பார்த்தால் தகடு வாழைக் குருத்தின் பச்சையில் ஒளிர்கிறது. தகட்டைச் சரிக்கச் சரிக்கப் பச்சை நீலப்பச்சையாகி, பின்னர் நீலமாகிறது. அதையே வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊடாகப் பார்த்தால், பச்சை நீங்கிய ஒளியே கண்ணுக்கு வருவதால், மங்கிய இளஞ்சிவப்பு தெரிகிறது. கைவில்லையை வைத்துப் பார்க்கும்போது, வற்றிய குளத்தின் தரையைப் போலப் படலம் முழுவதும் நுண்ணிய வெடிப்புகள் ஓடியிருப்பதைக் காணலாம். உலரும்போது படலம் சுருங்குவதால் அவை உண்டாகின்றன. வகுப்பில் தகட்டைக் கைமாற்றியபோது ஒரு மாணவன், “சேர், இதுக்குள்ள பச்சைச் சாயம் போட்டிருக்கா?” என்று கேட்டான். சிலிக்கா என்பது கடற்கரை மணலின் பொருள். அதற்கென்று நிறம் ஏதும் இல்லை. கேள்விக்கு விடையாக ஒரு கணக்கைக் கரும்பலகையில் செய்து காட்டினேன்.

250 நனோமீற்றர் உருண்டைகளின் அடுக்குகளுக்கிடையிலான தூரம், விட்டத்தை 0.816 ஆல் பெருக்கக் கிடைக்கும் 204 நனோமீற்றர். ஒரு பொருளுக்குள் ஒளி எத்தனை மடங்கு மெதுவாகச் செல்கிறது என்பதைச் சொல்லும் எண்ணே முறிவுச் சுட்டி. சிலிக்காவின் முறிவுச் சுட்டி 1.45; காற்றினுடையது 1. இரண்டின் வர்க்கங்களையும் 74 இற்கு 26 என்ற விகிதத்தில் கலந்து வர்க்கமூலம் எடுத்தால், படலத்தின் சராசரி முறிவுச் சுட்டி ஏறத்தாழ 1.35 ஆகிறது. நேரே பார்க்கும்போது வலுப்பெறும் அலைநீளம், அடுக்குத் தூரத்தின் இருமடங்கை இந்தச் சுட்டியால் பெருக்க வருவது: 550 நனோமீற்றர். அது பச்சை. செவ்வனிலிருந்து, அதாவது தகட்டுக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து, 45 பாகை சரித்தால், பிராக் விதியுடன் ஒளிமுறிவையும் சேர்த்துக் கணக்கிடும்போது 468 நனோமீற்றர் வருகிறது, அது நீலம். உருண்டையின் விட்டம் 300 ஆக இருந்தால் 660 நனோமீற்றர் சிவப்பும், 200 ஆக இருந்தால் 440 நனோமீற்றர் ஊதா கலந்த நீலமும் கிடைக்கும். பொருள் மாறவில்லை, அளவு மட்டுமே மாறியிருக்கிறது.

வகுப்பு மிகவும் ரசித்தது அடுத்த பகுதியைத்தான். தகட்டின் மீது வாயால் ஊதினால், மூச்சின் ஈரம் இடைவெளிகளில் ஒடுங்கி நிறம் ஒரு கணம் வெளிறி நகர்ந்துவிட்டு, மறுபடி பச்சைக்குத் திரும்புகிறது. ஸ்பிரிட் ஒரு துளி விட்டாலோ மாற்றம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஸ்பிரிட்டிலுள்ள எதைல் அற்ககோலின் முறிவுச் சுட்டி 1.36 என்பதால், இடைவெளிகள் நிரம்பியதும் வலுப்பெறும் அலைநீளம் 580 நனோமீற்றர் மஞ்சளுக்கு நகர்கிறது. கூடவே நிறத்தின் அழுத்தமும் குறைகிறது. நிறம் எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு, ஒளி எவ்வளவு வலுவாகத் தெறிக்கிறது என்பதற்கு வேறொரு கணக்கு: முன்னையதைச் சராசரிச் சுட்டி தீர்மானிக்க, பின்னையதை உருண்டைக்கும் இடைவெளிக்கும் உள்ள சுட்டி வேறுபாடு தீர்மானிக்கிறது. 1.45 சுட்டியுள்ள திரவமொன்றால் இடைவெளிகளை நிரப்பினால், ஒழுங்கு அப்படியே இருக்க, தெறிப்பு மட்டும் மறைந்து படலம் வெறும் கண்ணாடியாகிவிடும்.

இரத்தினபுரி மாணிக்கத்தின் சிவப்புக்குக் குரோமியமும், நீலக்கல்லின் நீலத்துக்கு இரும்பும் தைத்தேனியமும் காரணம். அசைக்க அசைக்கப் பல நிறங்கள் மினுங்கும் ஓபல் என்ற இரத்தினக் கல்லில் அப்படி எதுவும் தேவையில்லை. சர் சி. வி. இராமன் இத்தகைய நிறங்களில் நெடுங்காலம் ஈடுபாடு கொண்டிருந்தார். 1950 இல் தம் மாணவர்களுடன் சேர்ந்து இலங்கையின் சந்திரகாந்தக் கற்களைப் பற்றியே ஒரு கட்டுரை வெளியிட்டார், 1953 இல் ஓபலை ஆராய்ந்தார். ஓபலின் நிறங்களுக்கு அதன் உள்ளேயுள்ள ஒழுங்கான அமைப்பே காரணம் என்பது நெடுநாள் ஊகம். அந்த ஒழுங்கு எதனாலானது என்பதை இலத்திரன் நுணுக்குக்காட்டிதான் தெளிவாகக் காட்டியது: 1964 இல் அவுஸ்திரேலியாவில் ஜோன் சான்டர்சும் அவருடைய சகாக்களும், ஒரே அளவான சிலிக்கா உருண்டைகள் அடுக்கடுக்காக அமர்ந்திருப்பதைப் படமெடுத்தனர். சாதாரண ஓபலிலும் சிலிக்கா உருண்டைகள் உண்டு. ஆனால் அவை பல அளவுகளில் கலந்தோ, ஒழுங்கின்றியோ கிடப்பதால் அக்கல் பால் வெள்ளையாகவே இருக்கிறது.

அந்த வெள்ளையை விளக்க நம் திருகோணமலை மாவட்டத்திலேயே நல்ல உதாரணம் உண்டு. புல்மோட்டைக் கரையின் கருமணலிலுள்ள இல்மனைற்றிலிருந்தும் ரூட்டைலிலிருந்தும் பெறக்கூடிய தைத்தேனியம் ஈரொட்சைட்டே உலகெங்கும் வெள்ளைப் பெயின்ற்றின் நிறப்பொருள். பெயின்ற்றில் அதன் துணிக்கைகள் ஏறத்தாழ 200 முதல் 300 நனோமீற்றர் வரையானவை, அதாவது ஓபல் உருண்டைகளின் அதே அளவு. ஆயினும் அவை தாறுமாறாகக் கிடப்பதால் எந்த ஓர் அலைநீளத்துக்கும் சலுகை கிடைப்பதில்லை. எல்லா அலைநீளங்களும் எல்லாத் திசைகளிலும் சிதறி, சுவர் வெள்ளையாகத் தெரிகிறது. உருண்டைகளின் விட்டங்கள் ஒன்றுக்கொன்று சில சதவீதத்துக்கு மேல் வேறுபட்டாலே பளிங்கு உருவாகாமல் வெண்மை வந்துவிடும் என்பதால், இத்துறையில் உழைப்பின் பெரும்பகுதி ஒரே அளவான உருண்டைகளைச் செய்வதிலேயே கழிகிறது. 1968 இல் வெளியான ஸ்ரோபர் முறை, அமோனியாவும் அற்ககோலும் கொண்டு அதைச் சாத்தியமாக்கியது.

மயிற்பீலியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. பீலிக் கண்ணை ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், நீலமும் பச்சையும் போய், கபிலம் மட்டுமே எஞ்சும். அங்குள்ள நிறப்பொருள் நம் தலைமயிரிலும் உள்ள மெலனின்தான். 2003 இல் சீன ஆய்வாளர்கள், பீலியின் நுண்ணிழைகளில் மெலனின் கோல்கள் சதுர வலைபோல ஒழுங்காக நிற்பதைக் காட்டினர். நீலப் பகுதியில் கோல்களின் இடைவெளி ஏறத்தாழ 140 நனோமீற்றர், பச்சையில் 150, மஞ்சளில் 165. பத்துப் பதினைந்து நனோமீற்றர் வேறுபாட்டில் முருகனின் வாகனம் நீலம் முதல் மஞ்சள் வரையான நிறங்களை எழுதிவிடுகிறது என்பது, பத்திமானுக்கும் பௌதிகவியலாளனுக்கும் ஒருங்கே பிடித்துப்போகக்கூடிய செய்தி.

ஓபல் ஒரு திசையில் ஒரு நிறத்தைத் திருப்பியனுப்புகிறது. வேறு திசைகளில் அந்த நிறம் உள்ளே நுழைந்துவிடுகிறது. எல்லாத் திசைகளிலும் ஓர் அலைநீளப் பட்டையை முற்றாகத் தடுக்கும் பளிங்கு அமையக் கூடுமா என்ற கேள்வியை 1987 இல் எலி யப்லொனோவிச்சும், கேரளத்தில் பிறந்து பின்னர் ரொறன்ரோவில் பேராசிரியரான சஜீவ் ஜோனும் தனித்தனியே முன்வைத்தனர். குறைகடத்தியில் இலத்திரன்களுக்குத் தடைப்பட்டை, அதாவது அவை இருக்க முடியாத சக்தி இடைவெளி, இருப்பதைப் போல, ஒளிக்கும் ஒன்றை உண்டாக்கலாம் என்பதே அவர்களின் வாதம். சிலிக்கா உருண்டைகளால் இது ஒருபோதும் ஆகாது. சுட்டி வேறுபாடு போதாது. உருண்டைகளுக்கு இடையேயுள்ள வெளியைச் சுட்டி கூடிய பொருளால் நிரப்பி, உருண்டைகளை அகற்றிவிட்டுக் காற்றுக் குழிகளை மட்டும் விட்டுவைக்கும் தலைகீழ் ஓபல்தான் வழி. அதிலும் சுட்டி ஏறத்தாழ 2.8 ஐத் தாண்ட வேண்டும். 1998 இல் நெதர்லாந்தில் தைத்தேனியம் ஈரொட்சைட்டால் ஒன்றைச் செய்தனர்; நிறம் வந்தது, முழுத் தடை வரவில்லை. 2000 இல் ஸ்பானிய, கனேடிய ஆய்வாளர்கள் சிலிக்கனால் செய்த தலைகீழ் ஓபல், 1.5 மைக்ரோமீற்றருக்கு அருகே அந்த நிபந்தனையை நிறைவு செய்தது. அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பகுதி. கண்ணுறும் ஒளியைச் சிலிக்கன் தானே உறிஞ்சிவிடும்.

பாடசாலைக்குத் திரும்பினால், இலத்திரன் நுணுக்குக்காட்டி இல்லாமலே உருண்டையின் அளவைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. உயர்தர வகுப்புக்கு இதைவிட நல்ல செய்முறைப் பயிற்சி எனக்குத் தோன்றவில்லை. சோடியம், இரச விளக்குகளின் தெரிந்த கோடுகளால் அளவுகோடிட்ட திருசியமானி (ஒளியை நிறங்களாகப் பிரித்து அளக்கும் கருவி) ஒன்றைக் கொண்டு, தகட்டைப் பல கோணங்களில் சரித்து, ஒவ்வொரு கோணத்திலும் மிகப் பிரகாசமாகத் தெறிக்கும் அலைநீளத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அலைநீளத்தின் வர்க்கத்தை நிலைக்குத்து அச்சிலும், கோணத்தின் சைனின் வர்க்கத்தைக் கிடை அச்சிலும் குறித்தால் கீழ்நோக்கிச் சாயும் நேர்கோடு கிடைக்கும். அதன் படித்திறனின் பருமன் அடுக்குத் தூரத்தின் வர்க்கத்தைப் போல நான்கு மடங்கு. வெட்டுத்துண்டை அந்தப் பருமனால் வகுத்தால் சராசரி முறிவுச் சுட்டியின் வர்க்கம் வரும். அடுக்குத் தூரத்தை 0.816 ஆல் வகுத்தால் உருண்டையின் விட்டம்.