திரைக்குள் சிரித்த அம்மா

வீடியோ அழைப்பில் அம்மா சிரித்த நொடியைக் கேமராவில் பிடித்தேன். படத்தில் அவர் கன்னமெங்கும் வானவில் நெளிவுகள்.

திரையின் புள்ளிகள் ஒரு வலை. கேமராவுக்குள் ஒளியைப் பதிவுசெய்யும் சென்சாரின் புள்ளிகள் இன்னொரு வலை. இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்று போட்டால் தோன்றுமே, அதே அலைகள்தான்.

சற்றுப் பின்னால் நகர்ந்து, கேமராவை இலேசாகச் சாய்த்தேன். நெளிவுகள் அடங்கின.

அடுத்து, குறுக்கே கருப்புப் பட்டை. என் ஷட்டர் வேகம், அதாவது கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம், 1/500 நொடி. நொடிக்கு 60 முறை தன்னைப் புதுப்பிக்கும் திரைக்கு அந்த அவசரம் ஆகாது. 1/30-க்கு இறக்கினேன், பட்டை மறைந்தது.

நம் கண்ணுக்கு இந்த வலையும் தெரிவதில்லை, துடிப்பும் தெரிவதில்லை. முகம் மட்டும்தான் தெரிகிறது.

1/30-இல் முகம் அசைந்தால் கலங்கிவிடும்.

"அம்மா, கொஞ்சம் அசையாமல் இருங்கள்" என்றேன்.

ஏன் என்று கேட்கவில்லை. மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.